பெஞ்சு கேட்டோம், பேச்சைக் கேட்டோமா?



பள்ளி ஆசிரியர் ஒருவரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் ஏற்படுத்திய அறக்கட்டளை இது. கல்வியைப் பற்றி எதையும் பேசலாம் என்று சொன்னார்கள். பாடத்திட்டம், தேர்வு, பயிற்றுமொழி என்று பெரிய தலைப்புகள் இருக்கின்றன. அவற்றைப் பேச ஆள் இருக்கிறது. நான் எடுத்துக்கொண்டது பள்ளிக்கூட நிலைப்படி. அதற்கு உள்ளே ஆசிரியர், வெளியே பெற்றோர், நடுவில் ஒரு குழந்தை. ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் பெரும்பாலும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியைப் பற்றியே சொல்வேன்.

அரசுப் பள்ளிக்கு வரும் அம்மாவைக் கவனித்துப் பாருங்கள். செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு, கதவோரமாக நின்று, "டீச்சர்" என்று பாதிக் குரலில் கூப்பிடுவார். பேசி முடியும்வரை நின்றபடியேதான் பேசுவார். அதே வாசலுக்கு வார்டு உறுப்பினர் வந்தால் நாற்காலி வரும். ஒன்றியத்திலிருந்து அலுவலர் வந்தால் நாற்காலியோடு டீயும் வரும். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. பழக்கம் அப்படி. அந்த அம்மாவை வரவழைத்ததும் பெரும்பாலும் ஒரு குற்றச்சாட்டுத்தான். "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா" என்ற வாக்கியத்தை நம் பள்ளிகளில் யாரும் நல்ல செய்திக்குச் சொன்னதில்லை. பெற்றோர் என்பதே பிள்ளையை மிரட்டுவதற்கான பெயராகிவிட்டது. ரேங்க் கார்டில் கையெழுத்து, பணத்துக்குக் கையெழுத்து, சுற்றுலாவுக்குக் கையெழுத்து என்று வீட்டிலிருந்து நாம் கையெழுத்தை வாங்கிக்கொண்டே இருக்கிறோம்.

இதைச் சொன்னால் சிலர் உடனே பழைய காலத்துக்குப் போவார்கள். திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரை ஊரே காப்பாற்றியது, நெல்லும் காய்கறியும் வீடு தேடி வந்தன, மகாநவமிக்குப் பிள்ளைகள் கோலாட்டம் அடித்து வீடு வீடாகப் பாடி வாத்தியாருக்குக் காசு சேர்த்துக் கொடுத்தார்கள் என்பார்கள். எல்லாம் உண்மை. அந்தத் திண்ணை எந்தத் தெருவில் இருந்தது, யாருடைய பிள்ளை அதில் ஏறி உட்கார முடிந்தது என்று ஒரு கேள்வி கேட்டால் பேச்சு அடங்கிவிடும். எல்லார் வீட்டுப் பிள்ளைக்குமான பள்ளி பிறகு வந்தது. நான் பேசும் உறவும் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அந்த உறவின் வரலாற்றில் 1953 முக்கியமான ஆண்டு. முதலமைச்சராக இருந்த ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பிள்ளை மூன்று மணி நேரம் பள்ளியில் இருக்கட்டும், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்பது ஏற்பாடு. எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்தது. அடுத்த ஆண்டே ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. அதன் சாதி அரசியலைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள், சரியாகவே பேசியிருக்கிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது ஒரு சின்ன விஷயம். காகிதத்தில் அந்தத் திட்டம் வீட்டையும் பள்ளியையும் இணைப்பது போலத்தான் இருந்தது. ஆனால் துணி வெளுக்கும் குடும்பத்திடமோ செருப்பு தைக்கும் குடும்பத்திடமோ, "உங்கள் பிள்ளை என்னவாக வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டமே பிறந்திருக்காது. "என் பிள்ளைக்கு இந்த வேலை வேண்டாம்" என்றுதான் தகப்பன் அவனைப் பள்ளிக்கு அனுப்பினான்.

அடுத்து வந்தது நல்ல காலம். 1956-ல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். செலவில் ஒரு பங்கை ஊரார் ஏற்றார்கள். 1958 முதல், கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. தன் பள்ளிக்கு என்ன இல்லை என்று ஊரே கூடிப் பட்டியல் போடும். ஒருவர் கரும்பலகை, ஒருவர் சுவர்க் கடிகாரம், ஒருவர் பெஞ்சு, வசதி உள்ளவர் நிலம் அல்லது ஒரு வகுப்பறை என்று மேடையேறி அறிவிப்பார்கள். தானும் பங்கு கொடுத்த பள்ளியை ஒருவர் தன் பள்ளி என்று நினைப்பார் என்பது சுந்தரவடிவேலுவின் கணக்கு. அது பொய்க்கவில்லை. இன்றும் பழைய பள்ளிக் கட்டடங்களில் உபயதாரர் பெயர் பொறித்த கல்லைப் பார்க்கலாம். பீரோவில், மின்விசிறி இறக்கையில்கூடப் பெயர் இருக்கும். (மின்விசிறி சுற்றும்போது உபயதாரரைப் படிக்க முடியாது என்பது வேறு விஷயம்.)

அந்த இயக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது பாதிதான். ஊரிடம் பொருள் கேட்கலாம் என்று கற்றுக்கொண்டோம். கொடுக்க எதுவும் இல்லாதவர் பள்ளிக்கு என்ன உறவு என்ற கேள்வி அப்படியே நின்றது. பிற்காலத்துப் பெற்றோர் ஆசிரியர் கழகங்களில் நான் பார்த்தவரை, கழகத் தலைவர் என்றால் ஊரில் கை வீசிச் செலவு செய்யக்கூடியவர். அவருடைய பிள்ளை எங்கள் பள்ளியில் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் நடைமுறையில் இருந்ததே இல்லை. ஆண்டு விழாவில் மாலை, குடியரசு நாளில் கொடியேற்றம், மற்ற நாளில் ஆளைக் காண முடியாது.

2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இந்த இடத்தில்தான் ஒரு கதவைத் திறந்தது. தனியார் சுயநிதிப் பள்ளிகள் நீங்கலாக மற்றப் பள்ளிகள் எல்லாவற்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு அங்கே படிக்கும் குழந்தைகளின் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், ஒடுக்கப்பட்ட பிரிவுகளின் பெற்றோருக்கு உரிய அளவு இடம் வேண்டும் என்று அதன் 21-ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் வேலையை 22-ஆம் பிரிவு இந்தக் குழுவிடம் கொடுத்தது. கொடுத்துப் பல ஆண்டுகள் தமிழ்நாட்டில் குழுக்கள் பதிவேட்டில்தான் கூடின. தீர்மானம் முன்பே எழுதப்பட்டிருக்கும். பிள்ளை கையில் நோட்டு வீட்டுக்குப் போய்க் கையெழுத்தோடு திரும்பி வரும்.

2022-ல் தமிழ்நாடு அரசு குழுக்களை மறுபடி கட்டியது. மார்ச் 20-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுதும் அரசுப் பள்ளிகளில் பெற்றோரை ஒரே நாளில் அழைத்துப் பேசினார்கள். பிறகு 20 பேர் கொண்ட குழு, தலைவர் பொறுப்பு ஒரு தாய்க்கு. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், தையல் மிஷினில் உட்காரும் பெண்கள், பள்ளியில் தலைவர் என்ற பெயரோடு நுழைந்தார்கள். இதைக் கேலி செய்தவர்களும் உண்டு. "கையெழுத்துப் போடத் தெரியுமா?" என்று கேட்டார்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா இல்லையா என்று தன் மகளிடம் தினமும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தாயைவிட அதைப் பற்றி அதிகம் தெரிந்தவர் யார்? பெண்பிள்ளை காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் சிறுநீரை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவதைத் தினமும் பார்ப்பவர் அவர்.

குழுக் கூட்டத்தை எப்போது வைத்தோம்? வெள்ளிக்கிழமை பிற்பகல். ஆசிரியருக்கும் அலுவலகத்துக்கும் வசதியான நேரம் அது. கூலி வேலை செய்பவருக்கு அரை நாள் கூலி போகும். பல இடங்களில் அரை நாள் வேலை என்று ஒன்று இல்லாததால் முழுநாள் கூலியும் போகும். பனியன் கம்பெனிக்குப் போகிறவர் சூப்பர்வைசரிடம் அனுமதிக்கு நிற்க வேண்டும். அதன் பிறகு, "இவங்களுக்குப் பிள்ளைங்க மேல அக்கறையே இல்ல, கூட்டத்துக்குக்கூட வர்றதில்ல" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். பெற்றோரை மதிக்கிறோமா என்று ஒரு பள்ளியிடம் கேட்க நினைப்பவர் பேச்சின் பணிவை விட்டுவிட்டுக் கூட்டத்தின் மணியைப் பார்த்தால் போதும். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை நேரத்தில், தெருவிலேயே, திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் வகுப்பு நடந்தபோது என்ன ஆனது? தாய்மார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். தன் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் பலர் அங்கேதான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

பெற்றோருக்கு என்ன தெரியும் என்று நாம் கேட்காததால் பள்ளிக்கு என்ன இழப்பு என்பதையும் சொல்ல வேண்டும். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் பொங்கல் முடிந்ததும் சில பிள்ளைகள் காணாமல் போவார்கள். குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போயிருப்பார்கள். மழைக்காலம் வரும்போது திரும்புவார்கள். வருகைப் பதிவேட்டில் அது ‘நீண்ட நாள் வராதவர்’. நமக்கு அது ஜனவரியில் வந்த அதிர்ச்சி. அந்தத் தாய்க்கோ சூளைக்காரரிடம் முன்பணம் வாங்கிய நாளிலேயே, பல மாதங்களுக்கு முன்பே தெரியும். ஏன் சொல்லவில்லை? சொன்னால் டீச்சர் திட்டுவார், பேரை அடித்துவிடுவார் என்ற பயம். சொல்லியிருந்தால் பாட்டி வீட்டில் விட்டுச் செல்ல முடியுமா, விடுதியில் இடம் கிடைக்குமா, போகும் ஊரில் எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று நான்கு மாத அவகாசத்தில் யோசித்திருக்கலாம். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்தில் முதல் பீரியடில் தூங்கி வழியும் பையன் சோம்பேறி இல்லை. அவன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இரவெல்லாம் தறி ஓடுகிறது. இது அவன் அம்மாவுக்குத் தெரியும். டீச்சருக்கு டிசம்பரில் தெரியவந்தால் அந்த ஆண்டு முடிந்துபோயிருக்கும்.

பெற்றோரும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதற்கு ஒரு வாக்கியம் சாட்சி. சேர்க்கையன்று தகப்பன்மார் சொல்வது: "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மத்த இடமெல்லாம் தோலை உரிச்சிடுங்க சார்." இதை ஆசிரியர்மேல் வைத்த நம்பிக்கை என்று மேடைகளில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் கேட்பது கையறு நிலை. படிப்பு தன் கைக்கு எட்டாத ஒன்று, அதற்கு விலையாகத் தன் பிள்ளையின் உடம்பைக் கொடுக்கத் தயார் என்கிறார் அவர். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்துவிட்டது. தகப்பன் அனுமதி கொடுத்தாலும் ஆசிரியருக்கு அந்த உரிமை கிடையாது. இதை அவரிடம் எடுத்துச் சொல்லும் ஆசிரியருக்கு ஊரில் கிடைக்கும் பெயர், ‘அடிக்கவே அடிக்காத வாத்தியார், பிள்ளைங்க எப்படி உருப்படும்?’ கூட்டாக நடப்பது என்றால் பெற்றோர் கேட்பதை எல்லாம் செய்து கொடுப்பது என்று அர்த்தமில்லை.

இன்னும் கடினமான இடம் ஒன்று இருக்கிறது. பள்ளிப் பணியாளர் என்றால் நாம் ஆசிரியரை மட்டும் நினைக்கிறோம். சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர், கழிப்பறை கழுவுகிறவர் எல்லாரும் பணியாளர்களே. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இதில் ஒரு புதுமை செய்தது. சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அந்தப் பள்ளியிலேயே தங்கள் பிள்ளை படிக்கும் தாய்மாருக்கு முன்னுரிமை. விடிவதற்குள் வந்து ரவா உப்புமாவோ சேமியாவோ பொங்கலோ கிளறி இறக்கும் பெண், ஒன்பது மணிக்கு அதே பள்ளியின் பெற்றோர். பெற்றோர் யார், பணியாளர் யார் என்ற கோடே அழிந்துபோனது. பள்ளியைப் பற்றி இவ்வளவு காலையில் இவ்வளவு விவரம் தெரிந்த ஒரு பெற்றோர் இதற்கு முன்பு நமக்குக் கிடைத்ததில்லை. எந்தக் குழந்தை இரண்டாம் முறை கேட்கிறது, எது நேற்றிரவும் சாப்பிடவில்லை என்று அவருக்குத் தெரியும். எத்தனை தலைமையாசிரியர்கள் அவரிடம் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

அங்கேயே சாதியும் வந்து நிற்கிறது. 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் திரண்டார்கள். அலுவலகம் முதலில் செய்தது அவரை மாற்றியது; எதிர்ப்பு கிளம்பிய பிறகே பழைய இடத்தில் வைத்தது. 2023-ல் கரூர் மாவட்டத்திலும், காமராஜர் மதிய உணவு தொடங்கிய அதே எட்டயபுரத்துக்குப் பக்கத்திலும் காலை உணவை முன்னிட்டு இதே சிக்கல் வந்தது. அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். திருப்பூரில் திரண்டவர்களும் பெற்றோர்தான். குழுவில் இடம் பெறக்கூடியவர்கள்தான். பெற்றோரின் குரல் என்றாலே நல்ல குரல் என்று நம்புகிறவர்கள் அந்தச் செய்திகளைத் திரும்பப் படிக்க வேண்டும். அங்கே பள்ளி யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லை. சமைக்கும் பெண்ணின் பக்கம். முதல் நாளே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நாங்குநேரியையும் சொல்லாமல் போக முடியாது. 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். பள்ளியில் அவனுக்கு நேர்ந்த துன்புறுத்தல் பள்ளியின் காதுக்குப் போன பிறகு நடந்தது அது. அதன் பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு பற்றி அது சொன்னதைத்தான் ஊடகங்கள் பெரிதாகப் பேசின. ஆசிரியராக என்னை உறுத்துவது வேறு. ஒரு வீடு தன் பயத்தைப் பள்ளியிடம் நம்பிச் சொன்னால், அந்தச் சொல் எந்த மேசையில் வைக்கப்படுகிறது, யார் காதுக்கெல்லாம் போகிறது, அன்று மாலை அந்தப் பிள்ளை எந்த வழியாக வீட்டுக்குப் போகிறான் என்று கவலைப்பட ஒருவர் பள்ளியில் இருக்க வேண்டும். புகார்ப் பெட்டி வைத்துவிட்டோம், 14417 என்ற கல்வி உதவி எண்ணைச் சுவரில் எழுதிவிட்டோம். இரண்டும் தேவைதான். அவற்றுக்குப் பின்னால் வாயை மூடத் தெரிந்த மனிதர் வேண்டும். ஆசிரியர் அறையில் ஒரு குடும்பத்தின் கதையைச் சிரித்துப் பேசும் பழக்கம் நமக்கு உண்டு. அவன் அப்பா குடிப்பது, இவள் அம்மா பிரிந்து வாழ்வது எல்லாம் அங்கே டீயோடு சேர்ந்து சுற்றும். அது நின்றால் மட்டுமே வீடு நம்மிடம் வாய் திறக்கும்.

ஆசிரியர் பக்கத்துக் குறையையும் கேளுங்கள். தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளிக்குள்ளேயே உட்கார வைத்துச் செய்யச் சொல்லும் எமிஸ் என்ற கல்வித் தகவல் தளப் பதிவேற்றம் அந்தப் பிரிவின் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் செல்போனோடு மல்லுக்கட்டினால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். இதற்கு நடுவில் வகுப்பு வாட்ஸ்அப் குழு வேறு. இரவு பத்தரைக்கு ‘என் பையன் நோட்டுல ஏன் டிக் போடல’ என்று நூறு பேர் பார்க்கக் கேட்பார்கள். வகுப்புக்குள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நுழைந்து, வெட்டி ஒட்டிய முப்பது விநாடியை ஊருக்கே அனுப்புவார்கள். பல ஆண்டு நல்ல பெயர் ஒரு மாலையில் போய்விடும். ஆசிரியரைத் தாக்கிய பெற்றோரையும் செய்தியில் பார்த்துவிட்டோம். சந்தேகம் வந்தால் முதலில் அந்த ஆசிரியரிடம், பிறகு தலைமையாசிரியரிடம், பிறகு குழுவிடம், அதன் பிறகே மேலே என்ற வரிசையைப் பெற்றோரிடம் எதிர்பார்க்க ஆசிரியருக்கு உரிமை உண்டு. பாலியல் புகார் மட்டும் இந்த வரிசைக்குக் கட்டுப்பட்டதில்லை. அது நேராகக் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ போக வேண்டும்.

தனியார் பள்ளிகளைப் பற்றி இரண்டு வரி போதும். குழந்தையைச் சேர்க்கப் பெற்றோருக்கு நேர்காணல் வைக்கக் கூடாது என்று 13-ஆம் பிரிவு சொல்லியும் ‘சும்மா ஒரு அறிமுகம்’ என்ற பெயரில் அது நடக்கிறது. பணம் கட்டியவர் வாடிக்கையாளர் மாதிரி நடத்தப்படுகிறார், கட்டணத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும்வரை.

கடைசியாக நேரம். "இதெல்லாம் நல்லா இருக்கு டீச்சர், எங்களுக்கு ஏது நேரம்?" என்று கேட்கப் போகிறீர்கள். கணக்குப் போடுவோம். குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிப் பெற்றோரை முறையாகச் சந்தித்துச் சொல்வது ஆசிரியரின் கடமை என்று 24-ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. நான் புதிதாக எதையும் சுமத்தவில்லை. தொடக்கப் பள்ளியில் ஒரு ஆசிரியருக்கு 30 குழந்தைகள் என்பது சட்ட அளவு. ஒரு பருவத்தில் ஒரு குடும்பத்துக்கு 10 நிமிடம் என்றால் 5 மணி நேரம். மூன்று பருவத்துக்கு 15 மணி. சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டில் கேட்பது 200 நாள், 800 மணி நேரக் கற்பித்தல். 800-ல் 15 என்பது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. அதையும் கற்பிக்கும் நேரத்திலிருந்து எடுக்க வேண்டாம். பதிவேற்றத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள் என்று இங்கே வந்திருக்கும் கல்வி அலுவலர்களைக் கேட்கிறேன். சந்திப்பை மாலை ஆறு மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் வைத்துவிட்டு, அதற்கு ஈடாக ஆசிரியருக்கு ஒரு வேலை நாளில் விடுப்புக் கொடுங்கள். முதல் பருவத்துச் சந்திப்பில் முதல் ஐந்து நிமிடம் ஆசிரியர் பேசக் கூடாது; பெற்றோர்தான் பேச வேண்டும். சூளைக்குப் போகும் ஊரில் அந்தச் சந்திப்பு தீபாவளிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இதற்கு அரசாணை தேவைப்படும் பகுதி விடுப்பு ஒன்றுதான். மற்றதை எந்தத் தலைமையாசிரியரும் இந்தத் திங்கட்கிழமையே தொடங்கலாம்.